முப்பத்தொன்றுக்கு நேரே ஒரு புள்ளி

“முப்பத்தொன்று” என்று கூப்பிட்டதற்கு “பிரசன்ட் மேம்” என்று வந்த குரல் முப்பத்தொன்றின் குரல் இல்லை என்பது தமயந்திக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, பென்சில் பிடித்த கை நின்றால்தானே. அது பாட்டுக்குக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு முப்பத்திரண்டுக்குப் போய்விட்டது. முப்பத்திரண்டும் பிரசன்ட், முப்பத்துமூன்றும் பிரசன்ட், நாற்பத்தெட்டு வரைக்கும் எல்லாரும் பிரசன்ட். பதினோரு வருடமாக அவள் வருகைப் பதிவு எடுக்கிற விதம் இதுதான். முதலில் பென்சிலால் புள்ளி. வகுப்பு முடிந்து மணி அடித்தபிறகு புள்ளி மேல் பேனாவால் ஒரு டிக், புள்ளி இல்லாத கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. நடுவில் தாமதமாக வருகிறவன் வரலாம், தலைவலி என்று எழுந்து போகிறவன் போகலாம், பேனா பட்டுவிட்டால் பட்டதுதான், பென்சில் என்றால் ஐம்பது நிமிடத்துக்கு எல்லாருக்கும் ஒரு வழி திறந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் அவளுக்கும் ஆசை. பெயருக்குப் போனால் நாலு நிமிடம் ஆகும், நம்பர் என்றால் ஒன்றரை நிமிடம். மனிதன் என்றால் யார் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் மனிதர்களை நம்பர் வைத்துக் கூப்பிடுகிறோமே என்று முதல் வருடம் உறுத்தியது, இரண்டாம் வருடம் அதை ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தாள், மூன்றாம் வருடத்திலிருந்து உறுத்துவதில்லை. இப்போது பதிவேட்டில் நாற்பத்தெட்டு புள்ளி இருந்தது. எதிரே நாற்பத்தேழு தலைகள். எண்ணிப் பார்க்கவே வேண்டாம், ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் தரணிதரன் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

இந்தப் பாடத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு, பாடத்திட்டத்தைத் தவிர வேறெங்கும் யாரும் அதைச் சொன்னதில்லை. மெக்கானிக்கல் மூன்றாமாண்டுப் பையன்கள் வைத்த பெயர் மனுசன் கிளாஸ். “மச்சா, அடுத்த பீரியடு என்னடா?” “மனுசன்.” “அப்ப தூங்கலாம்.” பெருந்துறையைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிற இஞ்சினியரிங் கல்லூரி. எந்திரம் படிக்கிறவர்கள் கொஞ்சம் மனிதரையும் படித்துவைக்கட்டும் என்று எங்கேயோ யாரோ நல்ல எண்ணத்தில் சேர்த்துவிட்ட பாடம். மதிப்பெண் மொத்தத்தில் சேராது. ஆனால் வருகை மட்டும் எழுபத்தைந்து சதவீதம் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மற்ற பரீட்சைகளையும் எழுதவிடமாட்டார்கள், அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்கவேண்டியதுதான். இன்றைக்கு நாற்பத்தைந்தாவது வகுப்பு, கடைசி வகுப்பு. தரணிதரன் இதுவரை வந்தது முப்பத்துமூன்று. இன்றைக்கும் வந்தால் தப்பித்தான், வராவிட்டால் ஒரு வருடம் போயிற்று. மணி அடித்ததும் பட்டியல் துறைத்தலைவருக்குப் போகவேண்டும். போன வாரமே அவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், “முப்பத்தொண்ணாம் நம்பரு பார்டர்ல இருக்கான், பாத்துக்குங்க மேடம். கருணை கிருணைன்னு எதுவும் வேண்டாம், ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கெடையாது.” தமயந்தி கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்தை வருடாவருடம் மே மாதம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பின்சுவரில் ஒரு கேமரா வேறு இருக்கிறது, அது வேலை செய்கிறதா இல்லையா என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. ரப்பர் மேசைமேல்தான் இருந்தது. ஒரு புள்ளியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும். அழித்தால் நியாயம், அழிக்காவிட்டால் பொய்க் கையெழுத்து, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ரப்பரைத் தொடாமல், எழுந்து போய்க் கரும்பலகையில் கேள்வியை எழுதினாள்.

மனிதரை மனிதராக்குவது எது? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக. சாக்பீஸ் கீச்சிட்டது, முன்பெஞ்சுக்காரனுக்குப் பல் கூசியது. கேள்வி அவளே தயாரித்ததுதான். கேள்வியோடு விடைக்குறிப்பும் கொடுக்கவேண்டும் என்று விதி, புத்தகத்திலிருந்து ஐந்து குறிப்பு, குறிப்புக்கு நாலு மதிப்பெண், ஆக இருபது. மனிதனை ஐந்தாகக் கூறுபோட்டு வைத்திருக்கிறாள் அந்தத் தாளில். போன வாரம் ஆளுக்கொன்று சொல்லச் சொன்னபோது வகுப்பு கலகலவென்று இருந்தது. பேச்சு என்றான் ஒருவன், கிளி பேசுதே என்றான் இன்னொருவன். பேச்சை அழித்தாள். சிரிப்பு, நெருப்பு மூட்டுவது, கூச்சம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வந்தது, அழித்தாள். செத்தவங்களப் பொதைக்கறது என்று ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான், உடனே ஒரு குரல், ஆனைகூட செத்த ஆனை மேல தழையப் போட்டு மூடுதுங்க மேம், வீடியோ பாத்தனுங்க. அதையும் அழித்தாள். கடைசியில் பலகையில் மிஞ்சியது ஒரே சொல், பொய். அதைச் சொன்னது யுகேந்திரன். மனுசன்தானுங்க மேம் பொய் சொல்லுவான். அதற்கும் ஒருவன் எழுந்து, எங்க வீட்டுப் பூனை பாலக் குடிச்சுப்போட்டு குடிக்காத மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும் என்றான், வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, மணி அடித்தது, பலகையில் ஒன்றுமே மிஞ்சாமல் போய்விட்டது. அன்றைக்குப் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ஒன்றும் மிஞ்சாத பலகையைப் பார்த்துக்கொண்டு நாற்பத்தெட்டுப் பேர் எழுந்து போனார்களே, அவர்களுக்கு எதைக் கொடுத்து அனுப்பினோம் என்று நினைத்தாள். இப்போது எல்லோரும் குனிந்து எழுதுகிறார்கள். மின்விசிறி சத்தம், தாள் புரட்டும் சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சினான். யுகேந்திரனும் குனிந்துதான் இருக்கிறான், நடு வரிசையில், காது சிவந்துபோய்.

அவன்தான். வேறு யாரும் இருக்கமுடியாது. பிரசன்ட் என்று சொன்னபோது முன்பல் இருக்கவேண்டிய இடத்தில் காற்று போயிற்று. அந்தப் பல்லை உடைத்ததே தரணிதரன்தான். கல்லூரிப் பேருந்தில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டை, சட்டை கிழிந்து, பல் உடைந்து, இரண்டு வீட்டு ஆட்களும் வந்து பிரின்சிபால் அறைக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, இரண்டு பேருக்கும் சஸ்பென்சன். தரணிதரனின் வருகை குறைந்ததே அதில்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை, ஒருவன் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவன் தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் எதற்காக இவனுக்குப் பிராக்சி கொடுக்கவேண்டும்? கேலிக்கா? கேலி என்றால் பக்கத்தில் இருக்கிறவன் சிரித்திருப்பான், யாரும் சிரிக்கவில்லை. மாட்டிவிடவா? மாட்டிவிட நினைப்பவனுக்குச் சும்மா இருந்தாலே போதுமே. இல்லாதவனுக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று ஏன் சொல்லவேண்டும், யார் கேட்டார்கள் இவனை, யாரைக் கேட்டுச் சொன்னான். யாரைக் கேட்டு. யாரக் கேட்டு என் பேரச் சொன்னீங்க என்று அவள் தன் குரலையே கேட்டாள், இந்த வகுப்பில் இல்லை, வேறு இடத்தில், வாசல் பந்தலுக்குக் கீழே, ஊரே பார்த்துக்கொண்டிருக்க. அய்யோ, எங்கே போகிறது இந்த மனசு, பையன்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நடந்து பார்ப்போம் என்று பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். நடந்தாலும் அது கூடவே வந்தது.

அப்பா போய் நாளையோடு ஒரு வருடம். தெவசத்துக்கு அண்ணன் போன் பண்ணினான், வாம்மா என்றான், பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. போனால் அண்ணி இருப்பாள். போன வருடம் இதே மாதம், அவள் பரீட்சை ஹாலில் மேற்பார்வை. மேற்பார்வைக்குப் போகும்போது போனை ஸ்டாஃப் ரூம் டிராயரில் போட்டுவிட்டுப் போகவேண்டும், அது விதி. ஒன்பதே முக்காலிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் ஹாலில் இருந்தேன் என்று அவள் போட்ட கையெழுத்து இன்னும் அலுவலகத்தில் ஏதோ பீரோவில் கிடக்கும். திரும்பி வந்து டிராயரைத் திறந்தால் பதினேழு தவறிய அழைப்புகள். ஆட்டோ, பேருந்து, காங்கேயத்திலிருந்து அண்ணன் மகனின் பைக். போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அப்பாவைத் தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பது நிமிடம், நாற்பதே நிமிடம் முந்தியிருந்தால் உயிரோடு முகத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு பெரியம்மா அவள் தோளைத் தட்டி, “அழுவாத சாமி. உங்கப்பன் நீ வந்துட்டீன்னு நெனச்சுக்கிட்டுத்தான் போச்சு” என்றாள். அது எப்படி என்று கேட்டதில் விஷயம் வந்தது. சர்க்கரையில் கண் போய் இரண்டு வருடமாகியிருந்த அப்பா, காலையிலிருந்தே, தமயந்தி வந்துட்டாளா, தமயந்தி வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது மறுபடியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணி ருக்மணி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டனுங்கப்பா, இங்கதான் இருக்கறேன்” என்று சொன்னாளாம். அப்பா தலையை ஆட்டினாராம். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக வாசலுக்குப் போய், பந்தல்காரனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் கேட்டாள், யாரக் கேட்டு என் பேரச் சொன்னீங்க. அண்ணி சொம்பைக் கீழே வைத்தாள். “கூப்பிட்டாரு அம்மிணி. கூப்புட்டா யாராச்சும் ஒரு ஆளு ஓன்னு சொல்லோணுமில்ல. வாய் வந்துருச்சு.” இன்னும் என்னவோ சொன்னாள், விரலு, கையி என்று ஏதோ, தமயந்தி முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. என் இடத்தைத் திருடிக்கொண்டவளோடு என்ன பேச்சு. அவருக்குக் கடைசியாகக் கிடைத்தது ஒரு பொய், அதைக் கொடுத்தவள் இவள், காலையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் முன்னூறு மைல் தூரத்திலா இருந்தேன், இதோ இங்கேதானே இருந்தேன், எவனோ பிட் அடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு.

நாற்பது நிமிடத்தில் இருபது போய்விட்டது. அவள் யுகேந்திரனின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். நிற்கவேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது. அவன் எழுதுவதை நிறுத்தினான். அவள் தாளைப் பார்ப்பதுபோலக் குனிந்து, “தரணி எங்கடா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். “கடைலீங்க மேம்.”

“எந்தக் கடை?”

“அவங்கம்மா தள்ளுவண்டில டிபன் கடை போட்டிருக்காங்கல்லங்க, பஸ்ஸ்டாண்டுகிட்ட. நேத்து கொதிக்கற சாம்பாரு கைல கொட்டிருச்சாட்ட இருக்குதுங்க. கட்டுப் போட்டுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. அவன்தான் இட்லி ஊத்திக்கிட்டு நின்னான்.”

“உனக்கெப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லையே.”

“பேசலீங்க. காலைல சாப்பிடப் போனனுங்க. அந்த ரோட்டுல வேற கடை தொறக்கலீங்க.”

“போயி?”

“மூணுன்னு கையக் காட்டுனனுங்க. நாலு வச்சானுங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “அந்த ஒரு இட்லிக்கா பிரசன்ட் சொன்னே?”

“அய்யோ, இல்லீங்க மேம்.” அவன் நிமிர்ந்து பார்த்தான், உடைந்த பல் தெரிந்தது, கண்ணில் நிஜமாகவே குழப்பம். “தெரியலீங்க. சொல்லோணும்னு நெனைக்கவே இல்லீங்க. நம்பரக் கூப்புட்டீங்க. கிளாஸே கம்முனு இருந்துச்சு. வாய் வந்துருச்சுங்க.”

வாய் வந்துருச்சு. அவள் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலியின் கை சூடாக இருந்தது. வாய் வந்துருச்சு, வாய் வந்துருச்சு என்று ஒரு வருடமாக அவள் அந்த வார்த்தையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்காமல் ஒருத்தி இன்னொருத்தியின் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டு, என்ன செய்ய வாய் வந்துவிட்டது என்று தோளைக் குலுக்குகிற திமிர். ஆனால் இந்தப் பையனுக்கு என்ன திமிர்? பேந்தப் பேந்த விழிக்கிறான். நம்பரைக் கூப்பிட்டாள், பதில் இல்லை. அந்த ஒரு நொடி வகுப்பு எப்படி இருந்தது? அவளும்தான் கேட்டாள் அந்த நிசப்தத்தை. கூப்பிட்ட குரல் போய் எதிலும் மோதாமல் நிற்கிற நிசப்தம், யாருக்கும் பிடிக்காதது, அவளுக்கே ஒரு நொடி பகீரென்றது. கூப்புட்டா யாராச்சும் ஒரு ஆளு ஓன்னு சொல்லோணுமில்ல. அண்ணியின் குரல் இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது. அன்று அண்ணியின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றாள், சொம்புதான் ஞாபகம் வந்தது, ஈரக்கை, முன்கையில் மாட்டுச் சாணம் காய்ந்த கோடு. அழுதிருந்தாளா? அழுதிருப்பாள். இருபத்திரண்டு வருடம் அவருக்குச் சோறு போட்டவள், கண் போனபின் கழிப்பறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவள். மாமா, மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாமா, மாத்திர போட்டுக்குங்க. மாமா, படி இருக்குது, பாத்து. அப்படி என்றால் அன்றைக்கு, அந்த ஒரே ஒரு முறை, அவள் அப்பா என்று சொல்லியிருக்கிறாள். வந்துட்டனுங்கப்பா. அண்ணி பிறந்த மூன்றாம் மாதமே தகப்பன் போய்விட்டார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், பொண்ணு பார்க்கப் போனபோதே அதைப் பெரிய குறையாகப் பேசினார்கள். ஆயுசுக்கும் அப்பா என்று யாரையும் கூப்பிட்டு அறியாத வாய் அது. முதலும் கடைசியுமாக ஒருமுறை கூப்பிட்டது, அதுவும் என் பெயரில். அதைத்தான் நான் ஒரு வருடமாகத் திருட்டு என்று நினைத்திருந்தேன்.

அதோடு விட்டால் பரவாயில்லை. விரலு, கையி என்று அண்ணி சொன்னாளே, அது என்ன? முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தாலும் காது திரும்பவில்லை போலிருக்கிறது, வார்த்தைகள் எங்கேயோ விழுந்து கிடந்திருக்கின்றன, இப்போது ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. என் விரலையெல்லாம் மடக்கி, கைய மூடி, அப்பறந்தான் அம்மிணி உட்டாரு. விரலை மடக்கி. தமயந்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய அப்பா அங்கமுத்து மாட்டுத் தரகர். சந்தையில் அவர் வாயைத் திறந்து விலை பேசி யாரும் பார்த்ததில்லை. தோள் துண்டை விரித்து, அதற்கடியில் வாங்குகிறவன் கையைப் பிடித்து, விரலைத் தொட்டுத் தொட்டே பேரம் முடிப்பார், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, துண்டு மட்டும் மெல்ல அசையும். ஊரில் எவன் கை எது என்று இருட்டில் தொட்டுச் சொல்வார். சின்ன வயதில் அவளும் அண்ணனும் அவர் கண்ணைக் கட்டிவிட்டுக் கையை மட்டும் நீட்டிச் சோதித்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து நீட்டச் சொல்லியும் ஒருமுறைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு, பால் கறந்து பால் கறந்து காய்த்துப்போன மருமகள் கையும், சாக்பீஸ் தவிர எதையும் தூக்காத மகள் கையும் வித்தியாசம் தெரியாமலா போயிருக்கும்? இரண்டு வருடமாகத் தினமும் பிடித்து நடந்த கை. தெரியாமல் எப்படி இருக்கும்? அய்யோ, தெரிந்திருக்கிறது. கையைத் தொட்ட கணமே தெரிந்திருக்கிறது, நான் வரவில்லை என்று. தெரிந்துகொண்டு என்ன செய்தார்? நீ ருக்மணியல்லவா என்று கேட்கவில்லை. கையை உதறவில்லை. பேரம் படிந்தால் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு, எதிராளியின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடி, ஒரு அமுக்கு அமுக்கி விடுவார். முடிந்தது, எனக்குச் சம்மதம், சந்தோசம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மறுபேச்சே கிடையாது. அந்தக் கையைத்தான் அண்ணி என்னிடம் காட்ட வந்தாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது, சந்தைக்குப் போனவளா அவள். தெரிந்த நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணில் நீர் கோத்துவிட்டது. கௌரவ விரிவுரையாளர் வகுப்பில் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, இருந்தாலும் முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டாள். முன்பெஞ்சுக்காரன் பார்த்துவிட்டுச் சட்டெனக் குனிந்துகொண்டான், நல்ல பிள்ளை. மணி அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. பதிவேடு திறந்தபடி இருந்தது, முப்பத்தொன்றுக்கு நேரே அந்தப் புள்ளி. சரி, அப்பா மன்னித்தார், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இது அரசாங்க விதி. வராதவனை வந்தான் என்று எழுதினால் நாளைக்கு இன்னொருவன் கேட்பான், மேம் அவனுக்கு மட்டும் ஏன் என்று. அது நியாயமான கேள்வி. மே மாதம் ஒப்பந்தக் கடிதம் வராமல் போகலாம், நாற்பத்தாறு வயதில் எங்கே போய் வேலை தேட. பெருக்கல் குறி போட்டுவிட்டு, துறைத்தலைவரிடம் போய், அம்மாவுக்குக் கை வெந்துவிட்டது சார் என்று முறையாகச் சொல்லிப் பார்க்கலாம். அவர் ஃபாரத்தைக் காட்டுவார். இல்லையென்றால் தரணியையே வரவழைத்து ஒரு கடிதம். அதற்குள் பட்டியல் போய்விடும். ரப்பரை எடுத்தாள். புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள். இட்லித் தட்டோடு நிற்கிற தரணியை நினைத்தாள், எதிரே மூன்று விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிற இவன், இரண்டு பேரும் வாயைத் திறக்காமல். மூன்று விரலுக்கு நாலு. ரப்பரைத் திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை, அவளுக்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது.

மணி அடித்துவிட்டது. பையன்கள் எழுந்து தாள்களைக் கொண்டுவந்து மேசையில் குவிக்க ஆரம்பித்தார்கள், தள்ளுமுள்ளு, பெஞ்சு நகர்த்தும் சத்தம். யுகேந்திரன் தாளைக் கொடுத்துவிட்டு நகராமல் ஓரமாக நின்றான். அவனுடைய தாளில் புத்தகத்தில் இருக்கிற ஐந்து குறிப்பும் வரிசை மாறாமல், ஒரு எழுத்து விடாமல் இருந்ததைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அலுவலக உதவியாளர் நாச்சிமுத்து உள்ளே வந்தார்.

“மேடம், லிஸ்ட்டு வாங்கிட்டு வரச் சொன்னாருங்க. ஒண்ணே ஒண்ணு, முப்பத்தொண்ணு இன்னிக்கு இருக்கானா இல்லையான்னு உங்க வாயால கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

“இருக்கான்” என்றாள் தமயந்தி.

சொன்னபிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. நாற்பது நிமிடம் உருட்டி உருட்டி யோசித்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டார், வாய் வந்துவிட்டது. கை பேனாவைத் திறந்து புள்ளிமேல் டிக் போட்டது, பக்கம் முழுக்க வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனது, நாற்பத்தெட்டு டிக், கீழே கையெழுத்து. நாச்சிமுத்து பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு, “அப்ப சரிங்க, ஒரு தலவலி முடிஞ்சுது” என்று போனார். யுகேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். “என்னடா?” என்றாள். ஒன்றுமில்லீங்க மேம் என்று தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போனான். நாளைக்கு இதற்கு விலை கேட்டு யாராவது வந்தால் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடு பயமாக ஸ்டாஃப் ரூமுக்குப் போய், டிராயரைத் திறந்து, போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தாள். அண்ணி என்று இருந்த பெயரைத் தேட வேண்டியிருந்தது, ஒரு வருடத்தில் அது பட்டியலில் அடியில் போய்விட்டிருந்தது. நாலு முறை மணி அடித்தது. ஐந்து. எடுக்கமாட்டாள், ஏன் எடுக்கவேண்டும், நானாக இருந்தால் எடுப்பேனா.

“அம்மிணியா?” என்றது அண்ணியின் குரல். பின்னால் கன்றுக்குட்டி கத்தியது.

“ஆமாங்கண்ணி, நான்தான்.” வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு வர்றேன்” என்றாள்.

“வா சாமி. வெடியால பஸ்ஸுக்கே வந்துரு. எலை போடறதுக்கு முந்தி வந்துரு.” அண்ணி அதே மூச்சில், “வெண்டைக்காய் பொரியல் வைக்கட்டுமா, உனக்குப் புடிக்குமில்ல?” என்றாள்.

“அண்ணி, அன்னைக்கு அப்பா உங்க கைய எப்படி மூடுனாரு?”

கன்றுக்குட்டி மறுபடி கத்தியது. அதை அதட்டிவிட்டு அண்ணி சொன்னாள்.

“போன்ல எப்படி அம்மிணி காட்டறது? நாளைக்கு வா. வந்து கையக் குடு, காட்டறேன்.”